பினாங்கிலிருந்து வந்த மரவள்ளிக் கேக்கை ஏற்காட்டில் செய்வது எப்படி?

நாகலூர்வாசி:

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவைப் பெற்ற ஆயா, பினாங்கில் சில காலம் வாழ்ந்து, போர் முடிந்தபின் தாத்தாவுடன் ஆத்தூருக்குத் திரும்பியவர். தை பிறந்து காடுகளில் குச்சிக்கிழங்கு என்று நாங்கள் சொல்லும் மரவள்ளியைப் பிடுங்கத் தொடங்கியதும் அவர் எங்கள் எல்லோருக்கும் ஒரு பலகாரம் செய்து கொடுப்பார். கிழங்கைத் துருவி, தேங்காய்ப்பால், சர்க்கரை, முட்டை ஆகியவற்றைச் சேர்த்து, வாழையிலை விரித்த பித்தளைத் தட்டில் ஊற்றி, அதை ஒரு பெரிய மண்சட்டிக்குள் இறக்கி, சட்டியின் கீழும் மூடியின் மேலும் கொட்டாங்குச்சித் தணலைப் பரப்பி வேகவைப்பார். மேற்புறம் கருஞ்சிவப்பாகத் தோல் கட்டியிருக்கும். உள்ளே மெல்லும்போது பல்லுக்குச் சற்றே இழுவையாகவும், அதே நேரத்தில் துருவல் துருவலாகவும் இருக்கும். வீட்டில் அதற்குப் பினாங்கு கேக் என்றுதான் பெயர்.

ஆயா மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. வரும் தை மாதத்தில் தாத்தாவின் தம்பி வழிப் பேரப்பிள்ளைகள் பினாங்கிலிருந்து முதன்முறையாக எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். அவர்களுக்கு இதைச் செய்து பரிமாற வேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன். என் அத்தை ஒரு பழைய கணக்கு நோட்டில் எழுதி வைத்த குறிப்பு மட்டுமே கையில் இருக்கிறது. அதில் அளவுகள் இல்லை: கிழங்கு, தேங்காய் இரண்டு, சர்க்கரை, முட்டை, வெண்ணெய், ஏலக்காய் என்று எழுதி, அதற்குக் கீழே "சாற்றை இறுத்து அடியை எடு" என்று ஒரே ஒரு வரி இருக்கிறது. அத்தையும் இப்போது இல்லை என்பதால் அந்த வரி எதைச் சொல்கிறது என்று கேட்டறிய வழியில்லை.

நான் இப்போது ஏற்காட்டில் வசிக்கிறேன். ஓடிஜி என்னும் சிறு மின் ஓவன் அடுப்பில் செய்து பார்க்கும்போது மேற்புறம் கருகிவிடுகிறது, நடுப்பகுதி பசையாகவே நிற்கிறது. மலையின் உயரம் இதற்குக் காரணமா, அல்லது சேலம் சந்தையில் வாங்கிவரும் கிழங்கு இதற்கு உரியது அல்லவா என்று தெரியவில்லை. இது ஆயா தாமே உருவாக்கிய பலகாரமா, பினாங்கில் உண்மையாகவே இப்படி ஒன்று இருக்கிறதா என்பதையும் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடன் இருப்பேன்.

செவ்வாய்ப்பேட்டை:

வணக்கம் ஐயா. எங்கள் குடும்பம் இரண்டு தலைமுறையாக ஜவ்வரிசித் தொழிலைச் சார்ந்து வாழ்கிறது என்பதால், உங்கள் அத்தை எழுதிய வரியைப் படித்ததுமே எனக்குப் பொருள் விளங்கிவிட்டது. துருவிய கிழங்கைத் துணியில் கட்டிப் பிழிந்தால் வரும் வெள்ளைச் சாற்றை அப்படியே கொட்டிவிடக் கூடாது. அதை ஒரு பாத்திரத்தில் அசையாமல் அரைமணி நேரம் வைத்தால் கெட்டியான வெண்மாவு அடியில் படியும். மேலே நிற்கும் நீரை மட்டும் மெதுவாக இறுத்துவிட்டு, அடியில் படிந்த மாவைச் சுரண்டியெடுத்து, பிழிந்த துருவலுடன் மீண்டும் சேர்க்க வேண்டும். சேகோ ஆலைகளில், அதாவது ஜவ்வரிசி ஆலைகளில், தொட்டி தொட்டியாக நடப்பதும் இதே வேலைதான். அங்கே மாவை வைத்துக்கொண்டு, திப்பி என்னும் பிழிந்த சக்கையை ஒதுக்கிவிடுவோம். உங்கள் ஆயா இரண்டையும் வைத்துக்கொண்டு நீரை மட்டும் நீக்கியிருக்கிறார்.

நீரை ஏன் நீக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இது சுவையைப் பற்றிய விஷயம் மட்டும் அன்று. பச்சைக் கிழங்கில் லினமரின் என்ற பொருள் இருக்கிறது. கிழங்கைத் துருவும்போது அதிலேயே உள்ள ஒரு நொதி அதனுடன் கலந்து, அதை உடைத்து, ஹைட்ரஜன் சயனைடை வெளிப்படுத்துகிறது. அந்த நச்சு எளிதில் ஆவியாகக் கூடியது, நீரிலும் கரையக் கூடியது. ஆகவே துருவி, சற்று நேரம் வைத்து, பிழிந்து, நன்றாக வேகவைத்தால் அது பெரும்பாலும் போய்விடும். சதையைவிடத் தோலில் இது அதிகம் என்பதால், மேலே உள்ள பழுப்புச் சருகை மட்டும் சீவாமல், அதன் அடியிலுள்ள தடித்த பட்டையையும் முழுதாக உரித்துவிடுங்கள். நடுவில் ஓடும் நாரையும் எடுத்துவிடுங்கள். பிழிந்த நீரையும் உரித்த தோலையும் ஆடு மாடுகள் வாய்வைக்கும் இடத்தில் போடாதீர்கள். நம் பக்கத்தில் கால்நடை வளர்ப்பவர்கள் அனைவரும் அறிந்த எச்சரிக்கை இது.

கிழங்கைத் தேர்ந்தெடுப்பதில்தான் நீங்கள் அதிகக் கவனம் செலுத்த வேண்டும் என்று நினைக்கிறேன். சேலம், நாமக்கல் பகுதிகளில் விளையும் மரவள்ளியில் பெரும்பங்கு ஆலைக்காகவே பயிரிடப்படுவது. திருவனந்தபுரத்துக் கிழங்கு ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட எச் 165, எச் 226 ஆகிய ரகங்கள் மாவுச்சத்துக்காக நம் விவசாயிகள் விரும்பி வைப்பவை. வீட்டுச் சமையலுக்கு, அவித்தால் பூவாய் மலரும் கிழங்கே நல்லது. விற்பவரிடம் "அவித்துத் தின்னும் கிழங்கா?" என்று வெளிப்படையாகக் கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு துண்டை வேகவைத்துச் சுவைத்து, கசந்தால் அந்தக் கிழங்கை விட்டுவிடுங்கள். பிடுங்கிய இரண்டு மூன்று நாட்களிலேயே கிழங்கின் உட்புறத்தில் கருநீலக் கோடுகள் ஓடத் தொடங்கும். அத்தகைய கிழங்கு எந்தப் பலகாரத்துக்கும் ஆகாது.

பினாங்கைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பலகாரத்தைப் பற்றி எனக்குத் தெரியாது, ஆனால் நம் ஊர்த் தொழிலே பினாங்கோடு தொடர்புடையது. இரண்டாம் உலகப் போருக்கு முன்பு ஜவ்வரிசி மலாயாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கப்பலில் வந்துகொண்டிருந்தது. போரினால் அந்த வரத்து நின்றுபோன காலத்தில், 1943-இல், சேலத்து வணிகரான மாணிக்கம் செட்டியார், பினாங்கில் இத்தொழிலைக் கற்றறிந்திருந்த போபட்லால் ஷாவுடன் சேர்ந்து, மரவள்ளிக் கிழங்கிலிருந்து மாவும் ஜவ்வரிசியும் எடுப்பதை இங்கே தொடங்கினார். அன்று கையால் பிழிந்து, தொட்டிலில் உருட்டித் தொடங்கிய தொழில் பின்னர் நூற்றுக்கணக்கான ஆலைகளாக வளர்ந்து, 1981-இல் ஜவ்வரிசி உற்பத்தியாளர்களின் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் அமையும் அளவுக்குப் பெருகியது. உங்கள் ஆயா திரும்பி வந்தபோது அவருக்குப் பழக்கமான கிழங்கு ஆத்தூரிலேயே தாராளமாகக் கிடைத்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

அம்மாபேட்டை மருமகள்:

வணக்கம் ஐயா. நான் பினாங்கில் பிறந்து, திருமணமாகிச் சேலத்துக்கு வந்தவள். நீங்கள் எழுதியதைப் படித்தபோது என் அம்மாவின் அடுப்படி மணம் எனக்கு வந்துவிட்டது. உங்கள் ஆயா செய்தது அங்கே எல்லாச் சந்தைகளிலும் கிடைக்கும் பிங்கா உபி என்னும் பலகாரம். மலாய்க்காரர்களும் செய்வார்கள், பெரானாக்கான் என்று சொல்லப்படும், சீன வழிவந்து மலாய்ப் பழக்கங்களோடு கலந்த பாபா நியோன்யா குடும்பங்களும் செய்வார்கள், தமிழர் வீடுகளும் அவர்களிடமிருந்து கற்றுக்கொண்டன. மேலும் கீழும் தணல் வைப்பதும் அங்குள்ள பழைய முறைதான். அங்கே மணத்துக்கு ரம்பை (பாண்டான்) இலையைப் பிழிந்து ஊற்றுவார்கள். ஆத்தூரில் ரம்பை கிடைக்காதபோது உங்கள் ஆயா ஏலக்காயைச் சேர்த்திருக்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்த மாற்றத்தை நீங்கள் கைவிடாதீர்கள். வரும் உறவினர்களுக்கு ரம்பை மணம் பழக்கம். ஏலக்காய் மணம்தான் அவர்களுக்குப் புதிது.

என் அம்மா செய்யும் அளவைத் தருகிறேன். தோலும் நாரும் நீக்கித் துருவிய கிழங்கு ஒரு கிலோ, இரண்டு தேங்காய்களிலிருந்து எடுத்த கெட்டிப்பால் 400 மில்லி, சர்க்கரை 250 முதல் 300 கிராம், முட்டை இரண்டு, உருக்கிய வெண்ணெய் 50 கிராம், உப்பு அரைத் தேக்கரண்டி. உப்பைக் குறைக்க வேண்டாம். தேங்காய்ப்பாலின் சுவை அதனால்தான் எழுந்து நிற்கும். வெல்லம் அல்லது நாட்டுச் சர்க்கரை சேர்க்க விரும்பினால், முதலில் சிறிது நீரில் கரைத்து, வடிகட்டி, ஆறவைத்த பிறகே பாலில் கலக்க வேண்டும். வெல்லம் சேர்த்தது விரைவில் கருகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பசையாக நிற்பதற்கு நான் அறிந்தவரை மூன்று காரணங்கள் உண்டு. கிழங்கை மிக்சியில் நீர்விட்டு மையாக அரைப்பது முதலாவது. கைத்துருவியில் சிறு கண்கள் உள்ள பக்கத்தில் துருவினால்தான் நீங்கள் சொல்லும் துருவல் துருவலான பதம் வரும், ஏனெனில் பலகாரத்தின் உடம்பே அந்த நார்தான். கடையில் வாங்கிய மரவள்ளி மாவைக் கூடுதலாகச் சேர்ப்பது இரண்டாவது; அது ரப்பர் போல இறுகும். மூன்றாவது காரணம் தட்டின் ஆழம். எட்டு அங்குலத் தட்டில் ஊற்றினால் கலவை ஒன்றரை அங்குல உயரத்துக்கு மேல் நிற்கக் கூடாது, மீதியை வேறொரு தட்டில் ஊற்றுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சூடாக இருக்கும்போது வெட்டவே கூடாது. கத்தியில் ஒட்டிக்கொண்டு, வேகவில்லையோ என்ற ஐயத்தை உண்டாக்கும். முழுவதும் ஆறிய பிறகே மாவுச்சத்து இறுகிப் பதம் நிலைக்கும். எங்கள் வீட்டில் மாலையில் சுட்டு, மறுநாள் காலையில்தான் வெட்டுவோம்.

இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை பினாங்கைப் பிடித்தது முதல் 1945 வரையிலான காலத்தில், அரிசி கிடைக்காமல் மலாயா முழுவதும் மக்கள் மரவள்ளியை உண்டே உயிர் வாழ்ந்தார்கள். வீட்டு முற்றத்திலும் வேலியோரத்திலும் அதையே நட்டார்கள். தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்துச் சுடும் நிலையில் அன்று யாரும் இல்லை. வெறுமனே அவித்து, உப்பும் இல்லாமல் உண்ட நாட்கள் பல என்று என் பாட்டி சொல்லியிருக்கிறார். அதனால் அவர் இறுதிவரை அவித்த கிழங்கை வீட்டுக்குள் விடவில்லை. அதே பாட்டி பிங்காவை மட்டும் விருப்பத்தோடு சாப்பிட்டார், பிள்ளைகளுக்கும் எடுத்து ஊட்டினார். உங்கள் ஆயா அந்த ஆண்டுகளில் அங்கே இருந்திருந்தால், வரும் உறவினர்களிடம் அந்தக் காலத்தைப் பற்றிக் கேளுங்கள். நம் பெரியவர்கள் அதைத் தாமாகப் பேசியதில்லை. கேட்பதற்கு ஒரு பலகாரத் தட்டைவிட நல்ல சந்தர்ப்பம் அமையாது.

நாகலூர்வாசி:

இருவருக்கும் என் மனமார்ந்த நன்றி. அந்த ஒரு வரிக்குப் பொருள் கிடைத்ததில் நான் அடைந்த மகிழ்ச்சியைச் சொல்ல இயலவில்லை. ஆயா போர் முடியும்வரை அங்கேதான் இருந்தார். எங்கள் வீட்டில் கிழங்கு அவிக்கும் வழக்கமே இல்லாதிருந்ததை இப்போதுதான் நான் எண்ணிப் பார்க்கிறேன். அவர் ஒருநாளும் காரணம் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. வருகிறவர்களிடம் நிச்சயமாகக் கேட்பேன்.

ஏற்காட்டின் உயரம், அடுப்பின் சூடு ஆகியவற்றைப் பற்றி அறிந்தவர்கள் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். என் மாமியார் முட்டை சாப்பிட மாட்டார் என்பதால், முட்டை இல்லாமல் ஒரு தட்டு செய்ய இயலுமா என்றும் தெரிய வேண்டும்.

மஞ்சக்குட்டை:

வணக்கம் தம்பி. நான் ஏற்காட்டிலேயே பிறந்து வளர்ந்தவள். என் தந்தையார் ஒரு காப்பித் தோட்டத்துப் பங்களாவில் சமையற்காரராக இருந்தவர் என்பதால், விறகு எரியும் இரும்பு ஓவனில் கேக்கும் புட்டிங்கும் வெந்து வருவதைப் பார்த்தே நான் வளர்ந்தேன். இன்றும் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் கல்கல்லும் அச்சு முறுக்கும் பிளம் கேக்கும் உண்டு.

உயரத்தைப் பற்றிய உங்கள் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் 100 பாகையில் அன்றி, 95 பாகை செல்சியசை ஒட்டியே கொதித்துவிடும். சேலத்தில் நன்றாக வரும் ஸ்பாஞ்சு கேக், அதே அளவோடு இங்கே செய்தால் வேகமாகப் பொங்கி, ஓரம் பிடித்துக்கொள்வதற்குள் நடுவில் அமுங்கிவிடும். மாவுக்குள் உண்டாகும் வாயு இங்கே அதிகமாக விரிவதே அதற்குக் காரணம். ஆகவே அத்தகைய கேக்குகளுக்கு நாங்கள் பேக்கிங் பவுடரைக் கால் பங்கு குறைத்து, பாலை ஓரிரு மேசைக்கரண்டி கூட்டி, சூட்டையும் பத்துப் பாகை அளவுக்கு ஏற்றிவைப்போம்.

உங்கள் பலகாரத்துக்கோ இந்தத் தொல்லைகளில் பெரும்பாலானவை இல்லை. இதில் பொங்க வைக்கும் பொருள் எதுவும் கிடையாது. மரவள்ளி மாவுச்சத்து 60, 70 பாகையிலேயே கஞ்சிப்பதம் அடையத் தொடங்கிவிடும் என்பதால் 95 பாகை அதற்குத் தாராளமாகப் போதும். எனவே உயரத்தைக் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஈரம் இங்கே விரைவாக ஆவியாகிறது என்பது உண்மை, அதனால் நடுப்பகுதி வேகும் முன்பே மேற்பரப்பு உலர்ந்து கருகத் தொடங்குகிறது. எனக்குச் சரியாக வரும் முறையைச் சொல்கிறேன்.

கலவையை அப்படியே தட்டில் ஊற்றாமல், முதலில் ஒரு கனமான வாணலியில் சிறு தீயில் வைத்து, அடிபிடிக்காமல் கிளறி, கூழ் போலச் சற்றே கெட்டியாகும் வரை சூடாக்குங்கள். முட்டையை மட்டும் கலவை வெதுவெதுப்பாக ஆறிய பிறகே சேர்க்க வேண்டும், இல்லையென்றால் திரிந்துவிடும். இப்படிச் செய்தால் மாவு அடியில் தங்காமல் எங்கும் சமமாக நிற்கும். வேகும் நேரமும் குறையும். பிறகு நெய் தடவி, தீயில் வாட்டிய வாழையிலையைத் தட்டில் விரித்து ஊற்றி, இன்னொரு வாழையிலையால் மூடி, முன்னதாகவே 180 பாகைக்குச் சூடேற்றிய அடுப்பின் நடுத்தட்டில் வையுங்கள். மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும் எரியட்டும். அரைமணி நேரம் கழித்து மேலே மூடிய இலையை எடுத்துவிட்டு மேலும் இருபது முதல் முப்பது நிமிடம் வேகவிடுங்கள். ஓரங்கள் தட்டைவிட்டு விலகத் தொடங்கியதும், மேற்பரப்பில் சிறிது தேங்காய்ப்பால் தடவி, மேல் கம்பியை மட்டும் எரியவிட்டு, பக்கத்திலேயே நின்று பாருங்கள். ஐந்து முதல் எட்டு நிமிடத்தில் நீங்கள் சொல்லும் கருஞ்சிவப்புத் தோல் கட்டிவிடும். ஓடிஜி அடுப்புகளின் முள் காட்டும் சூடும் உள்ளே இருக்கும் சூடும் பல வீடுகளில் ஒத்துப்போவதில்லை என்பதால், உள்ளே வைக்கும் சிறு வெப்பமானி ஒன்றை வாங்கிக்கொள்வது நல்லது.

தணலில்தான் செய்ய வேண்டும் என்ற ஆவல் இருந்தால், அதற்கும் நம் ஊரில் வசதி இருக்கிறது. வெட்டிய பழைய காப்பிச் செடிக் கட்டைகள் நின்று எரிந்து நல்ல தணலைக் கொடுக்கும். கீழே குறைவாகவும் மூடியின் மேல் அதிகமாகவும் தணல் இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறவாதீர்கள். கீழே அதிகமாகிவிட்டால் இலை கருகி அடி கசந்துவிடும்.

கிச்சிப்பாளையம்:

முட்டை இல்லாமல் செய்வதைப் பற்றி ஒரு கருத்து. எங்கள் குடும்பம் பர்மாவிலிருந்து வந்தது. ரவையைச் சிவக்க வறுத்து, தேங்காய்ப்பால், சர்க்கரை, நெய், உலர்திராட்சை சேர்த்துக் கிளறி, மேலே கசகசாவைத் தூவி, இதே போல மேலும் கீழும் தணல் வைத்துச் சுடும் சனுவின் மக்கின் என்ற இனிப்பை எங்கள் வீட்டில் செய்வோம். முட்டை சேர்த்துச் செய்பவர்கள் உண்டு என்றாலும் எங்கள் வீட்டில் சேர்ப்பதில்லை, அதனால் குறை எதுவும் தெரிந்ததில்லை. மரவள்ளியில் முட்டை மென்மைக்காகவும் நிறத்துக்காகவும் சேர்வதே தவிர, கட்டி நிறுத்துவது மாவுச்சத்துதான். ஆகவே முட்டையை விட்டுவிட்டு, தேங்காய்ப்பாலை மூன்று மேசைக்கரண்டியும் வெண்ணெயைச் சிறிதும் கூட்டிக்கொள்ளுங்கள். நிறம் வெளுப்பாக இருக்கும் என்பதால் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் சேர்க்கலாம். உங்கள் மாமியாருக்குச் செய்யும் தட்டில் கசகசாவையும் தூவிப் பாருங்கள். தேங்காய்ப்பாலோடு அது மிக அழகாகச் சேரும்.

அம்மாபேட்டை மருமகள்:

மஞ்சக்குட்டை அம்மா சொன்னபடி முதலில் அடுப்பில் கிளறுவது எங்கள் ஊரிலும் சிலர் பின்பற்றும் முறைதான், பதம் தவறாது. கலவை மிகவும் இறுகிவிடாமல், கரண்டியிலிருந்து தொப்பென்று விழும் நிலையிலேயே இறக்கிவிடுங்கள்.

உறவினர்கள் வரும் நாளுக்கு முந்தைய மாலையில் செய்வது போதுமானது. தை மாதக் குளிரில் ஏற்காட்டில் ஒரு நாள் முழுவதும் வெளியே மூடிவைத்தால் கெடாது. குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் மாவுச்சத்து விறைத்துச் சுண்ணாம்பாகிவிடும். மறுநாளும் மிஞ்சி, வைத்தே தீர வேண்டுமென்றால், துண்டுகளை இட்லித் தட்டில் வைத்து ஐந்து நிமிடம் ஆவிகாட்டுங்கள், மீண்டும் இளகிவிடும். மேல்தோலின் முறுகல் மட்டும் ஆவியில் போய்விடும் என்பதால், அதன்பின் சூடான தோசைக்கல்லில் நெய் தடவி, தோலுள்ள பக்கத்தை ஒரு நிமிடம் வைத்து எடுங்கள்.